ரிப்பீட் ஆர்டர்

ஈரோட்டிலிருந்து சென்னியப்பன் கூப்பிடுகிறார்.
மணி ஒன்பதரை. நான் இன்னும் கம்பெனியில்.
மேசையில் பதினோரு நீலங்கள்.
இதில் எது கடல் நீலமென்று
ஹாம்பர்க்கில் ஒருவர் தூங்கி எழுந்து சொல்ல வேண்டும்.

"ஏனுங்க, முனி செத்துப்போச்சுன்னு
புஸ்தகத்துல எந்த எடத்துலீங்க இருக்குது?
பாய்லருக்குள்ள உட்டுப் பூட்டீருக்கீங்க.
அவ்வளவுதானுங்களே?"

அவ்வளவுதான்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
ஓவர்லாக் பாவாயி
விடியற்காலைச் சங்கு ஊதுவதற்குள்
சாயப்பட்டறை பாய்லரின் கதவைச் சாத்தி
சாவியை நொய்யலில் எறிந்தாள்.
நுரை வாங்கிக்கொண்டது.
முற்றுப்புள்ளி வைத்துவிட்டு நான்
பேக்கரிக்குப் போய் ரெண்டு தேங்காய் பன் தின்றேன்.

"ஆறு பாகமுங்க. வருசத்துக்கு ஒண்ணு.
காங்கயத்துல இருந்து ஒருத்தரு
சாவி என்னாச்சுன்னு கேட்டு
நாலு பக்கத்துக்கு எழுதியிருக்காருங்க."

நான் மெர்ச்சண்டைசர்.
ரிப்பீட் ஆர்டர் பற்றி எனக்குச் சொல்ல வேண்டாம்.
அதே நூல், அதே மிஷின், அதே டையிங் மாஸ்டர்.
இருந்தும் இரண்டாம் லாட்டில் சாயம்
முதல் லாட்டைப்போல் ஏறுவதில்லை.
வெயிலில் பிடித்தால் தெரிந்துவிடும்.
டியூப்லைட்டில் காட்டி அப்ரூவல் வாங்கிவிடுவோம்.

அதுவுமில்லாமல்
ஆறாம் பாகத்துக்கு அட்வான்ஸ் வாங்கிய பிறகு
இரண்டாம் பாகத்தில் எந்தக் கத்தி அவளை வெட்டும்?
எனக்குத் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும்.
முனிக்கும் தெரிந்துவிட்டால்
கடமைக்கு உறுமிவிட்டுப் போகும்.
முதல் புத்தகத்தில் அவள் செத்திருக்கலாம்.
நூற்றுத் தொண்ணூறாம் பக்கம் வரை
எழுதுகிற எனக்கே நிச்சயமில்லை.
அந்த வாரம் ஒருநாளும்
சோறு சரியாக இறங்கவில்லை.

இதையெல்லாம் போனில் சொல்ல முடியுமா.
"யோசிக்கறனுங்க" என்று வைத்தேன்.

பாலத்தருகே ஸ்கூட்டியை நிறுத்த வேண்டியதாயிற்று.
குறுக்கே பொக்லைன்,
ஒரு பக்கம் சாய்ந்த 'மாற்றுப்பாதை'ப் பலகை.
மூன்றாம் தூணை இடித்திருக்கிறார்கள்.
முனியின் தூண்.
நாற்பத்தாறாம் பக்கத்தில் காலைத் தொங்கப்போட்டு
பீடிக்கு நெருப்புக் கேட்குமே, அந்தத் தூண்.
கம்பிகள் மட்டும் மேலே பார்த்து நின்றன.
எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான்,
இதைத் திருத்த இன்னொரு பதிப்பு வேண்டுமே என்று.
அப்புறம்தான்,
அட, இனி அது எங்கே போய் உட்காரும்?

பாவாயி கடன் சொல்லி டீ குடித்த கடை
இப்போது செல்போன் ரிப்பேர்.
ஒடிசாப் பையன் தங்கியிருந்த லைன் வீட்டில்
வேறொருவன் குடியிருக்கிறான்,
கதவில் அதே சாக்பீஸ் யானை.
என்னைக் கேட்காமல், அட்வான்ஸும் வாங்காமல்
ஊர் பாட்டுக்கு அடுத்த பாகம் எழுதிக்கொண்டிருக்கிறது.
என் புத்தகத்துக்குள் மட்டும்
டீ கிளாஸ் இன்னும் பாதி மிச்சம்.
ஆறவே ஆறாது.

பத்தே முக்காலுக்குச் சென்னியப்பனுக்கு அனுப்பினேன்:
"பாவாயி வரமாட்டாளுங்க. முனியும் வராது.
ஊரு மட்டும் வரும்.
ஒவ்வொண்ணும் அததோட முடிஞ்சுக்கும்."

உடனே பதில்.
"முதுகுல ஒண்ணு, ரெண்டுன்னு
நெம்பர் மட்டும் போட்டுக்கலாமுங்களா?"

புதுக் கதையில் ஒரு லைன்மேன்.
பெயர் இன்னும் அமையவில்லை.
பாலத்தடியில், மழை விட்ட இரவில்,
அறுந்த ஒயரைத் தேடி நடக்கிறான்.
செருப்பில் ஏதோ தட்டுகிறது, சின்னதாய், கெட்டியாய்.
குனிகிறான்.

டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு
ஜன்னலைச் சாத்தினேன்.
கல்லாகவும் இருக்கலாம்.